நாலாவது விரல்

‘நடவுக்கு வர்றவன் விருந்தாளி...’ என்று தொடங்கி, ஊர்க்கூட்டத்தில் பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார். மீதிப் பாதி பூவராகனுக்கு மறந்துபோயிற்று.

தில்லையம்மாவிடம் கேட்டான். தெரியாது என்றாள்.

அவனைவிட வயதில் சிறியவள். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வந்து ஞாயிறு மாலை திரும்பிப்போகும் அவனுக்கு உழவு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அன்றும் ஞாயிறு. பூவராகனுக்கு மனம் ஆறவில்லை. பஸ் பஸ்ஸாகப் பட்டணத்து ஆட்களைக் கூட்டிவருகிறான். நடுகிறார்கள், களை பறிக்கிறார்கள், அரிசி வாங்கிப் போகிறார்கள். தரிசெல்லாம் பச்சையாகிவிட்டது. பூட்டிய வீடுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

“எங்க தப்பு நடக்குது தில்லையம்மா?”

“தப்பு ஒண்ணும் இல்லண்ணே. அந்தக் கண்ணாடிக்காரம்மா என்னைவிட நேரா நடுது.”

“அப்புறம் ஏன் ஊர் எழுந்திரிக்க மாட்டேங்குது?”

கீழத்தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது.

வைத்திலிங்கம் போய்விட்டார். பொங்கலிலிருந்தே படுக்கை. காலையில் பட்டணத்தார் நட்டது அவர் வயலில்தான்.

காலில் சேறு காய, எல்லோரும் வந்து கைகூப்பி நின்றார்கள். கண்ணாடிக்காரம்மா நிஜமாகவே அழுதாள். பிறகு ஒவ்வொருவராகச் சாலைப் பக்கம் நகர்ந்தார்கள். விடிந்தால் ஆபீஸ்.

தில்லையம்மா இழவு வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தாள்.

“காலையில எடுக்கணும்.”

“மகன்?”

“குவைத்துல இருக்கான். போன்ல பார்ப்பான்.”

சுடுகாட்டுக்கு வரப்புதான் வழி. வண்டி போகாது. பாடையைத் தூக்க நாலு தோள் வேண்டும்.

அவள் ஊரில் தெம்புள்ள ஆண்களின் பெயரைச் சொல்லி விரல் மடக்கினாள். மூன்று மடங்கின. நாலாவது விரல் நீட்டியபடியே நின்றது.

பூவராகன் அந்த விரலைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

“அடுத்த சனிக்கிழமை ரெண்டு பஸ் வருது தில்லையம்மா. நூறு பேர்.”

அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

“அப்ப சனிக்கிழமை வரைக்கும் ஐஸ் பெட்டியிலயே வெச்சிருக்கலாமாண்ணே?”

உள்ளே ஒப்பாரி நின்று, மறுபடி தொடங்கியது. இரண்டாவது ஹார்ன்.

பூவராகன் நடந்துபோய் பஸ்ஸில் ஏறினான். சீட்டுக்கு மேலே வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.