கானாங்கோழியின் ஜோடி

தாம்பரத்துக்கு அப்பால், அடுக்குமாடிகள் விழுங்கியது போக மிச்சமிருந்த ஏரி அது. அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஜெசிந்தாதான் குரு. அப்படி வருகிற தாமோதரனுக்கு மகள் வயது அவளுக்கு. ஆனாலும் குருவி காட்டுகிறவளைக் குரு என்று கூப்பிட அவர் கூச்சப்பட்டதில்லை.

அன்று மழை மூட்டம். தாமோதரன் பைனாகுலரை எடுக்கவே இல்லை. மனைவி விசாலம் இறந்ததிலிருந்து அவர் அப்படித்தான். அவள் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி அவர் போனில் இருந்தது. கேஸ்காரன் வருவான், சிலிண்டரை வாங்கி வைங்க என்பதுதான் அதில். நாள் முழுக்க அதையே போட்டுக் கேட்டுக்கொண்டு கிடந்தார். சமையலறைப் பக்கமே போவதில்லை. அவள் வைத்த செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அந்தக் குரல் செய்தியை அழித்துவிடுங்கள் என்று மகள் அழுது பார்த்துவிட்டாள்.

“அழிக்கணுமாம்மா?” என்று குருவிடம் கேட்டார். “பறவை கண்ணுல படலைன்னாலும், குரல் கேட்டா பார்த்த மாதிரிதான்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

ஜெசிந்தா கோரைப் புதரைக் காட்டினாள். அங்கே ஒரு கானாங்கோழி தனியாக நின்றது. அதன் ஜோடி போன வாரம் கரைச் சாலையில் காரில் அடிபட்டுச் செத்தது. இவர்கள் இருவரும்தான் அதைப் புதைத்தார்கள். சேர்ந்து மேய்ந்த அந்தக் கோரையை விட்டு இது நகர்வதே இல்லை.

ஏரியில் யாரும் பறவைக் குரலைப் போனில் போடக் கூடாது என்பது ஜெசிந்தா வைத்த சட்டம். அன்று அவளே போட்டாள். செத்துப்போன பறவை கூவியதை முன்பு பதிவு செய்து வைத்திருந்தாள். போனைக் கரையில் ஒரு கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

கானாங்கோழி தலையைத் தூக்கியது. ஆட்கள் நிற்பதையும் பாராமல் ஓடி வந்தது. கல்லைச் சுற்றியது. பின்னால் எட்டிப் பார்த்தது. கூவியது. திரும்பவும் சுற்றியது. தாமோதரன் கையை நீட்டித் தடுத்தார்.

“போதும்மா. நிறுத்துங்க.”

ஜெசிந்தா போனை எடுத்துக்கொண்டாள். பறவை போகவில்லை. தூறலில் நனைந்துகொண்டு வெறும் கல்லையே சுற்றியது.

“கோரைக்குத் திரும்பிப் போயிடும்ல?” என்று கேட்டார்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியல சார். இனிமே குரல் வந்த இடத்துலதான் தேடும். சேர்ந்து இருந்த இடத்தை விட்டுரும்.”