மூன்று டன் நெய்

"அந்தம்மா பேரை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடலாம் மேடம்" என்றார் நடேசமூர்த்தி.

"எந்தம்மா?" என்று கேட்டார் சுலோச்சனா.

"ஊத்துக்குளி வேலாத்தாள். நெய் போடுறவங்க. ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டேங்குறாங்க."

கோயம்புத்தூரைச் சுற்றி ஒன்பது ஓட்டல்கள் வைத்திருக்கும் நிறுவனம் அது. அரிசியிலிருந்து சோப்பு வரை எதை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்பவர் சுலோச்சனா. வயது நாற்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்த நடேசமூர்த்திக்கு ஐம்பத்துமூன்று.

முப்பது வருடம் ரிசப்ஷனில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தலையாட்டியவர் நடேசமூர்த்தி. கொள்முதலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போது மற்றவர்கள் அவருக்குத் தலையாட்டினார்கள். அது அவருக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தீபாவளி இனிப்புக்கு மூன்று டன் நெய் வேண்டும். போன வருடத்து விலையில் பத்து சதவீதம் குறைத்துக் காட்டினால் கொள்முதல் நாற்காலி நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி ரிசப்ஷன்.

"மத்த ரெண்டு பேரும் என்ன விலை சொன்னாங்க?"

"கம்பெனிக்காரர் கிலோ அறுநூத்தி அறுபது. ஏஜென்ட் அறுநூத்தி ஐம்பது. வேலாத்தாள் மட்டும் போன வருஷத்து அறுநூத்தித் தொண்ணூறுலயே நிக்கறாங்க. மத்தவங்க குறைக்கிறாங்களேன்னு கேட்டா, 'அவுங்க கொறைக்கட்டுமுங்க, எனக்குக் கட்டாதுங்க'ன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டாங்க."

சுலோச்சனா யோசித்தார்.

"அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும் சார். மத்த ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் குறைக்கச் சொல்லுங்க. விலை எங்க நிக்குதோ அங்க வாங்கிடலாம்."

இதற்குத்தானே நடேசமூர்த்தியும் ஆசைப்பட்டார்.

மறுநாள் காலை நடேசமூர்த்தி சிரித்துக்கொண்டே வந்தார்.

"கம்பெனிக்காரர் அறுநூத்தி முப்பது. ஏஜென்ட் அறுநூத்தி இருபது. முதலாளி சொன்ன பத்து சதவீதம் வந்தாச்சு மேடம்."

"நின்னுடுச்சா?"

"நிக்கறதுன்னா... நான்தான் அதோட விட்டுட்டேன்."

"அப்ப மறுபடியும் கேளுங்க."

அன்று மாலையே ஏஜென்ட் ஐநூற்றி எண்பத்தைந்துக்கு இறங்கினார். கம்பெனிக்காரர் அறுநூறு. நடேசமூர்த்தி பெரிதாகப் பேரம் பேசவே இல்லை. தொண்டையைச் செருமினார், இறங்கிவிட்டார்கள். இத்தனை காலம் ரிசப்ஷனில் வீணாகக் கிடந்தோமே என்று அவருக்குத் தன்மேலேயே இரக்கம் வந்தது. மனைவிக்குப் போன் செய்து, நாற்காலி கிடைத்த மாதிரிதான் என்று சொல்லியும் விட்டார்.

"நின்னுடுச்சா சார்?" என்றார் சுலோச்சனா.

"இல்ல மேடம்."

"கேளுங்க."

மூன்றாம் நாள் கம்பெனிக்காரர் ஐநூற்றி அறுபது. ஏஜென்ட் ஐநூற்றி இருபது.

இந்த முறை நடேசமூர்த்தி உடனே மாடிக்கு, சுலோச்சனாவிடம் ஓடவில்லை. பேக்கரிக்கு வெண்ணெய் வாங்க அதே ஏஜென்ட் அனுப்பிய விலைப் பட்டியல் அவர் மேசையில் கிடந்தது. தற்செயலாகத்தான் பார்த்தார்.

வெண்ணெய், கிலோ ஐநூற்றி நாற்பது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐநூற்றி நாற்பதுதான். ஒரு கிலோ நெய் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் வெண்ணெயை உருக்க வேண்டும் என்பது அவர் வீட்டு அடுப்படிக்கே தெரியும். அவருக்கும் தெரியும். கொள்முதலுக்கு வந்த பிறகு மறந்து போயிருந்தது.

ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, வெண்ணெய் ஐநூத்தி நாப்பது. நெய் ஐநூத்தி இருபதா?"

"ஆமாங்க சார்."

"அது எப்படிங்க?"

"குறைக்கச் சொன்னீங்க, குறைச்சேன். எப்படின்னு இந்த மூணு நாள்ல நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலியே சார்."

நடேசமூர்த்தி வெண்ணெய்ப் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னும் வேணும்னா ஐநூறு பண்ணித் தர்றேன்" என்றார் ஏஜென்ட், அன்பாக.

நடேசமூர்த்தி போனை வைத்தார். பயமாக இருந்தது. ஒன்பது ஓட்டல்களின் பெயர் போட்ட இனிப்புப் பெட்டிகள், ஊர் முழுக்க வீடு வீடாகப் போகும். அதைச் சின்னக் குழந்தைகள்தான் முதலில் பிரிப்பார்கள்.

படியேறிப் போய் சுலோச்சனாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"விலை நிக்கவே மாட்டேங்குது மேடம்."

"யார்கிட்டயுமேவா?"

நடேசமூர்த்திக்கு வேலாத்தாள் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அறுநூத்தித் தொண்ணூறுக்குக் கையெழுத்துப் போட்டா என் நாற்காலி போயிடும்."

"ஐநூத்தி இருபதுக்குப் போட்டா?"

நடேசமூர்த்தி போனை எடுத்தார். ஊத்துக்குளி நம்பரைப் போட்டார்.

"சொல்லுங்க சார்" என்றார் வேலாத்தாள்.

"தீபாவளிக்கு மூணு டன் நெய் வேணும்மா. உங்ககிட்டயே வாங்கிக்கிறோம்."

"சரிங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். மூன்று மாதப் பழக்கம் சும்மா இருக்க விடவில்லை.

"ஒரு அஞ்சு ரூபா மட்டும் பாத்து..."

"அப்ப வெச்சர்றேனுங்க."

மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு குரல் அவரிடம் முடியாது என்கிறது. நடேசமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஐயோ, வெச்சிடாதீங்கம்மா! நீங்க சொன்ன விலைதான், நீங்க சொன்ன விலைதான்!" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.