பக்கத்து மாடி வெயில்

தணிகாசலம் தன் வீட்டு வரைபடத்தை விரித்தார். ராயபுரத்துச் சந்து ஒன்றில் அவர் பிறந்த வீடு அது. இருபுறமும் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். அதைச் சூரிய ஒளியிலேயே இயங்கும் வீடாக்க ஆசைப்பட்டு, ஓய்வு பெற்றபின் பிலோமினா டீச்சரிடம் சூரிய மின்சாரப் பாடம் கேட்டுவந்தார். டீச்சர் அவரைவிட எட்டு வயது இளையவர்.

"கம்பத்திலேர்ந்து ஒரு வயர்கூட வராது டீச்சர். யாரையும் நம்பாத வீடு. சோலார் தகடெல்லாம் மாடியில கொள்ளலை. அதான் படத்துல ஆளுயரத்துக்கு மேல இரும்புச் சட்டம் போட்டுத் தூக்கிட்டேன். கணக்கு சரியா?"

"கணக்கு சரி. நாளைக்குக் காலையில மாடிக்கு வரேன். மாடி அகலத்துக்கு ஒரு பந்தல் துணி வாங்கி வைங்க."

மார்கழிக் காலை. தகடு வரவேண்டிய உயரத்தில் துணியைக் கட்டச் சொன்னார் டீச்சர். கட்டினார்கள். பிறகு கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள்.

வடக்குப் பக்கத்து வீட்டு மாடியில் ஹபீப் பாய் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாதத்தில் விழுந்த கால். வெயில் பட்டால்தான் மடங்கும்.

"டேய் தணிகா! காத்தாடி பிடிக்க இந்தச் சுவரைத் தாண்டி வருவியே. ஒரு தடவை என் பிரியாணி அண்டாவுல விழுந்தே."

"அண்டா காலியா இருந்துச்சு பாய்."

"இல்லேன்னா உன்னையும் சேர்த்துப் பரிமாறியிருப்பேன்."

மூவரும் சிரித்தார்கள். அந்த நாளில் சந்தின் மாடிகளெல்லாம் பையன்களுக்கு ஒரே மாடிதான். காத்தாடிக்குத் தடவிய சோற்றுப் பசையின் வாசனைகூடத் தணிகாசலத்துக்கு நினைவு வந்தது.

துணியின் நிழல் பாயின் காலைத் தொட்டது. அவர் நாற்காலியைக் கிழக்கே தள்ளிக்கொண்டார். சற்றுப் பொறுத்து நிழல் மறுபடி வந்தது. மறுபடி தள்ளிக்கொண்டார். மூன்றாம் முறை நாற்காலி சுவரில் இடித்தது. அதற்கு அப்பால் இடமில்லை.

பாய் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டார்.

தணிகாசலம் போய்த் துணியை அவிழ்த்தார். திரும்பி வந்து, தான் கட்டப்போவதைப் பாயிடம் முழுக்கச் சொன்னார்.

"இவ்வளவுதானா? என் படிக்கட்டு ரூம் மேல வெயில் சும்மாத்தானே காயுது. மிச்சத் தகட்டை அங்க வையேன்டா."

தணிகாசலம் டீச்சர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் கூரையை நம்பிட்டா, அப்புறம் யாரையும் நம்பாத வீடுன்னு எப்படிச் சொல்றது டீச்சர்?"

"பாய் வாயே திறக்க மாட்டாருன்னு நம்பித்தானே இதுவரைக்கும் வரைஞ்சிருக்கீங்க?"