குறிலா நெடிலா

செம்பாறைக் கோட்டையின் பண்டசாலையைக் காத்தவன் காராளன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவனிடம் எதைக் கொடுத்து வைத்தாலும் கேட்ட கணத்தில் கைக்கு வரும். கொடுப்பவர் ஆளுக்கு ஓர் அடையாளம் தர வேண்டும். பெயர் சொல்லலாம், எண் சொல்லலாம், சீழ்க்கை அடிக்கலாம். ராணியின் ஒட்டியாணத்துக்கு அடையாளம், மயிலிறகும் மூன்று என்ற எண்ணும் சேர்ந்தது. மாறாத எதுவும் ஆகும். மாங்காயை அடையாளமாகக் கொண்டுவந்த சேவகனை மட்டும் திருப்பி அனுப்பினான். "நாலு நாளில் பழுத்துவிடுமே அப்பா, அப்புறம் உன் வாளை எதை வைத்துத் தேடுவேன்?"

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் புலவர் அனந்தநம்பி. தன் மருமகனுக்கு அந்த வேலை வேண்டும் அவருக்கு. மூன்று வருஷம் முன்பு ஒரு விருந்தில், "காராளன் மை தொட்டால் விரல்தான் கறுக்கும்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தவர். காராளன் அதை மறக்கவில்லை. மறப்பவனுக்குப் பண்டசாலையில் என்ன வேலை?

குதிரை லாயத்துத் தலைவன் ஒரு மூட்டை லாடம் வைத்திருந்தான். அடையாளம், எட்டு. புலவர் அதை விசாரித்துக்கொண்டு வந்து தன் பட்டுச் சால்வையைக் கொடுத்தார்.

"அடையாளம் சொல்லுங்க சாமி."

"அ" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தக் காலத்தில் 'அ' எழுதினால் எழுத்தும் அதுதான், எட்டு என்ற எண்ணும் அதுதான்.

மறுநாள் புலவர் சபையில் அந்த ஒற்றை எழுத்தை எழுதிய ஓலை ஒன்றை நீட்டினார். "மகாராஜா, இதற்குரிய பொருளைக் காராளன் கொண்டுவரட்டும். தவறினால் பண்டசாலைச் சாவி என் மருமகனுக்கு."

ராஜா சம்மதித்து ஓலையைப் பார்த்தார். "எட்டு" என்றார். மந்திரி எட்டிப் பார்த்து, "அ போல இருக்கிறதே" என்றார்.

காராளனுக்குச் சூது புரிந்துவிட்டது. சால்வையைக் கொடுத்தால் லாடம் கேட்பார். லாடத்தைக் கொடுத்தால் சால்வை கேட்பார். உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்தான். கக்கத்தில் சால்வை, தோளில் மூட்டை.

"சாமி, எழுத்தை நான் கண்ணால் வைக்கிறவன் இல்லை, காதால் வைக்கிறவன். வாயால் சொல்லுங்க."

"ஓலை கொடுத்தாயிற்று. இனி நான் வாய் திறக்க மாட்டேன்" என்று புலவர் அவன் முன்னால் வந்து நின்றார். "இரண்டில் ஒன்றைக் கீழே வையடா."

"ஆகட்டும்" என்று காராளன் மூட்டையைக் கீழே வைத்தான். கீழே புலவரின் கால் இருந்தது.

"ஆ!"

காராளன் பணிவாகக் கைகட்டினான். "'ஆ' என்ற அடையாளத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை சாமி. கொஞ்சம் குறுக்கிச் சொல்லிப் பாருங்க."

"பாவி, காலிலிருந்து எட்டை எடுடா. என்னுடையது சால்வை. அ… அ…"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "பண்டசாலை உன் ஆயுள் முழுக்க உனக்குத்தான், காராளா" என்று தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

காராளன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சால்வையைப் புலவர் கையில் வைத்தான்.

"'அ' என்று இன்னொரு தரம் சொன்னீங்களே சாமி, அது வீண். சால்வை ஒன்றுதான்."