நீளத் திருப்புளி

சிங்காநல்லூரில் பழைய கார்களுக்குப் பட்டறை வைத்திருக்கும் ரெஜினாவுக்கு வயது நாற்பது. அவரிடம் தொழில் கற்க வந்த பழனிவேலுக்கு ஐம்பத்திரண்டு. வேலை பார்த்த மில் மூடியதும் ஒன்பது பட்டறைகளில் வேலை கேட்டு, ஒன்பதிலும் "இந்த வயசுலயா?" என்ற சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தவர். ரெஜினா சிரிக்கவில்லை. அதனால் பழனிவேலுக்கு இந்த இடம் உயிர்.

ஒருநாள் அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த வெள்ளைக் கார் ஒன்று வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் முனகுகிறது என்றார் கார்க்காரர்.

இன்ஜின் ஓடியது. ரெஜினா வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தார். பழனிவேல் பானெட்டுக்குள் தலையை விட்டு, நிமிர்ந்தார்.

"பவர் ஸ்டீயரிங் பம்பு போச்சுங்க மாஸ்டர். மாத்தணும்."

"சத்தம் எப்படிங்கண்ணா இருந்துச்சு?"

"அது... கிர்ருன்னு."

கார்க்காரர் முகம் தொங்கிவிட்டது. "இந்த வண்டிக்குப் பம்புக்கு நான் எங்கங்க போவேன்? இரும்புக் கடையிலதான் போடணும்."

ரெஜினா அவரை டீ குடிக்க அனுப்பினார்.

பழனிவேல் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். சொன்னாலும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலைங்க மாஸ்டர். சின்னதுல சீழ் வடிஞ்ச காது. இப்ப ரெண்டுமே மந்தம். காது கேக்காதவன் இந்தத் தொழிலை எப்படிங்க கத்துக்கறது? நாளைக்கே நின்னுக்கட்டுங்களா?"

ரெஜினா கருவிப் பெட்டியைத் திறந்தார். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்தார். முனையைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைப் பழனிவேலின் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மெல்லத்தான் அழுத்தினார்.

"பிடிச்சுக்கங்க."

மறுபடி ஸ்டீயரிங்கை ஒடித்தார். பழனிவேலின் வாய் திறந்தபடியே நின்றது.

"கேக்குதுங்க! சீரா ஓடுதுங்க. பம்பு நல்லாத்தான் இருக்குது."

"அப்ப முனகறது யாருங்கண்ணா?"

ரெஜினா ஸ்டீயரிங்கை ஒடித்தபடி இருக்க, பழனிவேல் திருப்புளியை நகர்த்தினார். பெல்ட் பக்கம் இருந்த பேரிங்கில் வைத்தார். குழாயோடு கீழே இறங்கினார். ஓரிடத்தில் துள்ளிவிட்டார்.

"இங்கதானுங்க! எண்ணெய்க் குழாய் வண்டிச் சட்டத்துல உரசுது!"

குழாயைப் பிடித்திருந்த கவ்வி நழுவியிருந்தது. அதைத் தளர்த்தி, குழாயை இரண்டு விரல் தள்ளி வைத்து இறுக்கினார். ரெஜினா ஸ்டீயரிங்கை ஒடிக்க, திருப்புளியைத் திரும்பவும் வைத்துப் பார்த்தார். முனகல் இல்லை. சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"என் காது விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"நீங்க சேர்ந்த வாரமே தெரியும்."

"அப்புறம் ஏனுங்க என்னை வெச்சுக்கிட்டீங்க?"

ரெஜினா இன்ஜினை அணைத்தார்.

"உங்களுக்கு முன்னால ஏழு பேர் இங்க கத்துக்க வந்தாங்க. அத்தனை பேருக்கும் காது பிரமாதம். நான் பேசறப்ப என் முகத்தைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா."