துலாபாரத்தில் போட்ட சாரி

குருவிமங்கலம் ராஜா செண்பக பூபதிக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதுவும் விருந்தாளியாக வந்து தங்கிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பிடித்துக்கொண்டது.

துரை ராஜாவின் காலை மிதித்தார்; "சாரி" என்றார். ராஜா பேசியது காதில் விழவில்லை, "சாரி?" என்றார். பாயசம் வேண்டாம், "சாரி!" ராஜாவின் கிளி செத்த சேதி கேட்டார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதற்கும் "சாரி"!

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா! ஒரே வார்த்தை, எத்தனை வேலை செய்கிறது! இனி நமக்கும் இது போதும்!"

பிடித்தது சனியன். மனு கொடுத்தால் சாரி. தும்மினால் சாரி. சங்கீத வித்வான் உருகி உருகிப் பாடி முடித்ததும் ஒரு சாரி. அந்த மனுஷன் தம்பூராவை உறையில் போட்டுக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அரண்மனை யானை கோட்டைச்சாமியின் வாழைத்தோப்பில் புகும்வரை. ஒரு தார் மிச்சமில்லை. அதை நம்பித்தான் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார் பாவம். ஓடிவந்து சபையில் விழுந்து அழுதார்.

ராஜா எழுந்தார். மார்பில் கை வைத்தார். துரை மாதிரியே கழுத்தைச் சாய்த்து, "சாரி" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம், மகாராஜா?"

"அப்புறம் என்ன? அதான் கொடுத்துவிட்டேனே!"

சபையில் விகடம் பேசும் வேதகிரிக்கு வயிறு எரிந்தது. வாசலில் கோட்டைச்சாமியைப் பிடித்து, "அழாதேயும் ஐயா. ராஜா பிறந்தநாள் வரட்டும், பார்த்துக்கொள்வோம்" என்றார்.

பிறந்தநாளன்று ராஜா பெரிய தராசில் ஒரு தட்டில் உட்காருவார். ஊரார் ஆளுக்கொரு பொருளை மறுதட்டில் போடுவார்கள். அதை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். இரண்டு தட்டும் சமமாகும்வரை ராஜா இறங்கவே கூடாது.

அந்த நாளும் வந்தது. ராஜா உட்கார்ந்தார். அவர் என்ன லேசுப்பட்ட ஆளா? தட்டு தரையில் குந்திக்கொண்டது.

முதலில் வேதகிரி வந்தார். மேலே தொங்கிய காலித் தட்டைப் பார்த்து, பயபக்தியோடு "சாரி" என்றார். நகர்ந்துவிட்டார். அடுத்து கோட்டைச்சாமி, "சாரி." செட்டியார், வண்ணார், பூக்காரி, ஊரே வரிசையில் நின்று சாரி போட்டது.

வெயில் ஏறியது. தட்டு அசைந்தால்தானே!

"என்னய்யா கூத்து இது? கால் மரத்துப்போச்சு!" என்று கத்தினார் ராஜா.

"எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை மகாராஜா" என்றார் வேதகிரி. "ஒரு தோப்புக்கே ஒரு சாரி ஈடு என்றீர்கள். ஊர் முழுக்கப் போட்டும் உங்கள் ஒருத்தர் எடைக்கு வரவில்லையே!"

ராஜா காலித் தட்டைப் பார்த்தார். கோட்டைச்சாமியின் வாடிய முகத்தைப் பார்த்தார். வெட்கமாகிவிட்டது. பிறகு தட்டே குலுங்கும்படி சிரித்தார்.

"நம் அரண்மனைத் தோட்டத்து வாழைத்தாரை எல்லாம் கொண்டுவாருங்கள்! என் எடைக்கு எடை கோட்டைச்சாமிக்கு! கல்யாணச் சாப்பாடும் என் பொறுப்பு!"

தார்கள் ஏறின. தட்டு சமமாகப்போகும் நேரத்தில் வேதகிரி ஒரு லட்டுத் தட்டோடு ஓடிவந்தார்.

"இறங்குமுன் நாலைந்து சாப்பிடுங்கள் மகாராஜா. அவருக்கு இன்னும் ரெண்டு தார் கிடைக்குமே!"

ராஜா வாய் நிறைய லட்டோடு கேட்டார்: "அது சரி, இந்தச் சாரியை இனி நான் என்னய்யா செய்வது?"

"யானைக்குச் சொல்லிக்கொடுங்கள் மகாராஜா. தின்றது அதுதானே!"