செலினைத் தெரியாத அலமாரி

"தூரத்துத் தண்ணீர்..." என்று தொடங்கும் ஒரு பழமொழியை மருத்துவமனை ஆண்டுவிழாவில் பெரிய டாக்டர் சொன்னார். ஆபத்துக்கு உதவாது என்று முடித்தாரா, தாகத்துக்கு உதவாது என்று முடித்தாரா, தாணுமாலயனுக்கு நினைவில்லை. அந்த இடத்தில் மைக் கூவிவிட்டது. ஆனாலும் அந்தப் பாதிப் பழமொழியை எடுத்துக்கொண்டுதான் அவன் நிர்வாகக் குழுவிடம் போனான்.

பாதி ஆயுளை மெல்பர்னில் கழித்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் அவன். மருத்துவமனையின் கணினிப் பொறுப்பு அவனிடம் வந்திருந்தது. பழைய சர்வர்களுக்கு வயதாகிவிட்டது. எல்லாவற்றையும் மும்பையில் ஒரு நிறுவனம் வாடகைக்கு ஓட்டும் கிளவுடுக்கு அனுப்பிவிடலாம் என்றால், நாற்கரச் சாலை வேலையில் ஜேசிபி அடிக்கடி இணையக் கேபிளை அறுத்துக்கொண்டிருந்தது.

"கிளவுடுக்கு நாம போக வேண்டாம். அதை இங்க வரவைப்போம்" என்றான் குழுவிடம்.

அப்படித்தான் அந்த அலமாரி வந்தது. ஆள் உயரம், கறுப்பு நிறம். மும்பையில் ஓடும் அதே கிளவுட், அதே நிறுவனத்தின் இயந்திரங்களில், மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய ஏசி அறையில் ஓடும். நோயாளிகளின் விவரம் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பராமரிப்பு மட்டும் தூரத்திலிருந்து.

திங்கட்கிழமை பழைய சர்வர்களை அணைப்பதாக இருந்தது. அவை இருந்த அறை டயாலிசிஸ் வார்டை ஒட்டியது. அதைக் காலி செய்தால் இரண்டு கட்டில் போடலாம். இரண்டுக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

சர்வர் வேலையைத் தாணு ஜெபக்கனியிடம் கற்றுக்கொண்டிருந்தான். மெல்பர்னில் அவன் எழுதியது மென்பொருள். அது ஓடும் இடத்தை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. ஜெபக்கனி அவனைவிடச் சற்றே இளையவர். மாவட்டத்தில் பல அலுவலகங்களுக்குச் சர்வர் அறை அமைத்துக் கொடுத்தவர். அவன் அவரை டீச்சர் என்றான். அவர் அவனை அண்ணே என்றார். அவர் வந்தால், "சாருக்க குரு வந்தாச்சு" என்பார்கள் வார்டில்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க."

"இயந்திரம் அவங்களோடது. இடம் நம்மது. விவரம் நம்மது. ஓட்டுறது அவங்க. கடைசியில எது நம்மது, எது அவங்களது? குழுவுல கேட்டா நான் என்ன சொல்ல?"

ஜெபக்கனி அலமாரியின் கதவைச் சாத்தினார்.

"பழைய சர்வர் ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"ஓடுது. திங்கள் வரைக்கும் ரெண்டும் ஓடும்."

"அப்ப வெளிய போற கேபிளை உருவுங்க."

தாணு தயங்கினான். "இப்பவா? வார்டுல ஆள் இருக்கு."

"செலின்ட்ட கேட்டுக்கிட்டு உருவுங்க."

செலின் டயாலிசிஸ் வார்டின் மூத்த செவிலியர். தாணு போய்க் கேட்டான்.

"பழைய கம்ப்யூட்டர் வேலை செய்யுமில்லா?"

"செய்யும்."

"அப்ப உருவுங்க சார். ஜேசிபிக்காரன் நம்மகிட்ட கேட்டுட்டா உருவுகான்?"

தாணு கீழே போய் உருவினான். அலமாரியில் ஒரு விளக்கும் அணையவில்லை. மேலே வந்து பார்த்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் வைத்திருந்த புதிய திரைகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தியளா டீச்சர். ஒண்ணும் ஆகல."

"நல்லது. இருங்க."

மீரான்பிள்ளை அப்போதுதான் வந்து கட்டிலில் படுத்தார். தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஒருநாள் விட்டு ஒருநாள் வார்டுக்கு வருகிறவர். செலின் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்துத் திரையில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தார்.

திரை யோசித்தது. பிறகு எழுதியது: உங்களை அடையாளம் காண இயலவில்லை. சற்று நேரம் கழித்து முயலவும்.

செலின் மறுபடி அடித்தார். அதே பதில்.

"என்னவாம்?" என்றார் மீரான்பிள்ளை.

"என்னத் தெரியலியாம்."

"செலினத் தெரியாதா? அது எந்த ஊருக்காரனாக்கும்?"

"மும்பை" என்றார் ஜெபக்கனி.

"அதான்."

வார்டு சிரித்தது. தாணு சிரிக்கவில்லை.

"விவரம் எல்லாம் இங்கதான் இருக்கு டீச்சர். மீரான் அண்ணனோட எடை, மருந்து, ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசி அவருக்குச் சேராதுங்கிறது, எல்லாமே கீழ அலமாரிக்குள்ள இருக்கு. ஒரு எழுத்துகூட வெளிய போகல."

"செரி. எடுத்துக் குடுங்க."

தாணு தன் பெயரை அடித்தான். அவனையும் அதற்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே வருகிறவர் யார் என்று சரிபார்க்கும் வேலையை மட்டும் மும்பையிலேயே விட்டிருந்தான். முதலில் போட்ட திட்டத்தில் அது அங்கே இருந்தது. நன்றாக நடந்துகொண்டிருந்ததால் அவன் அதைத் தொடவில்லை. நோயாளிகள் எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைத் தூரத்தில் விட்டுவிட்டான். காலையிலேயே உள்ளே நுழைந்திருந்தவர்களுக்குத்தான் மற்றத் திரைகள் திறந்திருந்தன. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அவையும் மூடிக்கொள்ளும்.

செலின் பழைய கணினியில் மீரான்பிள்ளையின் விவரத்தைப் பார்த்துவிட்டு வந்து, டயாலிசிஸ் குழாயின் ஊசியைக் கையில் குத்தினார். தாணு படிக்கட்டை நோக்கி நகர்ந்தான்.

"எங்க போறிய?" என்றார் ஜெபக்கனி.

"கேபிளைச் செருகிட்டு வாறேன்."

"மீரான் அண்ணன் எழும்புற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நீங்களும் இங்கேயே இருங்க."

தாணு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

மீரான்பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்தார். "சாருக்கு இன்னைக்கு வேலை இல்லியா?"

"இதுதான் வேலை."

"நல்ல வேலை. எனக்கும் இதான்."

சிவந்த குழாய் அவருடைய கையிலிருந்து இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அந்த ரெண்டு கட்டிலு திங்கக்கெழம வருமில்லா?" என்றார். "நம்ம கடைக்குப் பக்கத்துல ஒரு டெய்லரு. சவரிமுத்து. இதுக்காக திருவனந்தபுரம் போயிட்டு வாறான். திரும்பி வரும்போ பஸ்ஸுல தல சாஞ்சு போகுமாம். குடிச்சிருக்கான்னு நெனச்சு பக்கத்து சீட்டுக்காரன் எழும்பிப் போயிருவான். ஒரு சொட்டு தண்ணிகூட அளந்து குடிக்கிய மனுசன். நான் சொல்லி வச்சிருக்கேன், திங்கக்கெழம முதல் நம்ம கூட வந்துருலேன்னு."

கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்துத் திரை மூடிக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடுத்ததும் கேட்டது. செலின் மீரான்பிள்ளையின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டபடியே அதைப் பார்த்தார்.

மீரான்பிள்ளை தூங்கிப்போனார்.

தாணு எழுந்து, ஜன்னலோரம் நின்ற ஜெபக்கனியிடம் போனான்.

"சரிபார்க்கிற வேலையையும் இங்க கொண்டுவர எவ்வளவு நாளாகும் டீச்சர்?"

"பதறாம செஞ்சா ஒரு மாசம். பொறவு இதே மாதிரி உருவிப் பாக்கணும்."

"அதுவரைக்கும் பழசு ஓடணும்."

"ஓடணும்."

"அந்த ரூமைக் குடுக்க முடியாது."

"முடியாது."

"ரோட்டு வேலை முடியப்போகுதுன்னு சொல்றாங்க. ஒருவேளை இனி கேபிள் அறுபடாமலே போகலாம்."

"போகலாம்."

"அப்ப அந்த டெய்லருக்கு நான் என்ன சொல்ல?"

கீழே சாலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கைத்தாங்கலாக ஒருவரை இறக்கினார்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"தெரியல அண்ணே" என்றார். "அதை நான் யாருகிட்டயும் படிக்கல."

"காலையில கேட்டதுக்காவது பதில் சொல்லுங்க. எது நம்மது?"

ஜெபக்கனி வார்டைத் திரும்பிப் பார்த்தார். எல்லாத் திரைகளும் மூடியிருந்தன. செலின் பழைய கணினிக்கும் கட்டில்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

"கேபிளை உருவின பொறவும் அந்தப் புள்ளயால எதைத் திறக்க முடியுமோ, அது நம்மது."

தாணு திரும்பிவந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மீரான்பிள்ளை கண் விழித்ததும் தலையணையைச் சரிசெய்தான்.

அன்று மாலை, திங்கட்கிழமை பழைய சர்வர்களை அணைக்கப்போவதில்லை என்று குழுவுக்கு எழுதினான். வார்டின் மறுபக்கச் சுவரை ஒட்டியிருந்த தன் அறையைக் காலி செய்து, அதில் ஒரு கட்டில் போடச் சொன்னான். மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டான்.